தண்ணிக்கு ஞாபகசக்தியும் நம்மாளுங்க அடிக்கிற ஜல்லியும்

டிஸ்கி: கொஞ்சம் காட்டமான பதிவு. நீளமும் ஜாஸ்தி. யார் பேரையும் சொல்லப் போறதில்லை, என் சண்டை சரக்கோடதான், ஆளோட இல்லை. உள்குத்து எதுவும் கிடையாது, எல்லாமே வெளிக்குத்துதான் :-)

போன ரெண்டு மாசத்துல நம்ம வட்டாரத்துல (இன்னும் பிளாக் எழுதிக்கிட்டிருக்கிற நாலு பேரும், அதைப் படிக்கிற அதே நாலு பேரும்தான் இப்ப வட்டாரம்) தண்ணியைப் பத்தி மூணு பதிவு வந்தாச்சு. முதல் பதிவு கவிதை மாதிரி ஆரம்பிச்சு, தண்ணிகிட்ட அன்பாப் பேசினா அதோட மூலக்கூறெல்லாம் அழகா அடுக்கிக்கும்னு முடிஞ்சது. ரெண்டாவது, மண்பானையில ஊத்தி வெச்சா தண்ணியோட "கட்டமைப்பு" சரியாயிடும்னு சொன்னது. மூணாவது, லட்ச ரூபாய்க்கு மேல விலை போட்டு விக்கிற ஒரு மெஷினைப் பத்தி. அது தண்ணியை "மைக்ரோ கிளஸ்டர்" ஆக்குமாம், அந்த சின்னக் கொத்து செல்லுக்குள்ள ஈஸியாப் போயிடுமாம். மூணு பதிவுக்குக் கீழயும் "அருமை", "பகிர்வுக்கு நன்றி", "என் அப்பாவுக்கு ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், விவரம் தனி மடலில் ப்ளீஸ்".

அந்த கடைசி பின்னூட்டம்தான் என்னை எழுத வெச்சது.

மூணாவது பதிவுல போய் நாலு வரி எழுதினேன். வந்த பதில், "ஹைட்ரஜன் பிணைப்பு, மூலக்கூறு, என்எம்ஆர்னு இவ்ளோ அறிவியலோட எழுதியிருக்கோம், சும்மா பொய்யின்னு சொன்னா எப்படி? நீங்க தண்ணியோட கட்டமைப்பைப் படிச்சிருக்கீங்களா?"

படிச்சிருக்கேன் சாமி. வேதியியல்ல எம்எஸ்சி முடிச்சிட்டு, விதி வசத்தால கம்ப்யூட்டர் பொட்டி தட்டப் போனவன் நான். தண்ணியோட மூலக்கூறு அமைப்பைப் பத்தி சொல்லித்தான் இதையெல்லாம் விக்கிறீங்கன்னா, அந்த அமைப்பை வெச்சே பேசுவோம். ஏன்னா அது சொல்றது நீங்க சொல்றதுக்கு நேர் எதிர்.

மேட்டருக்கு வரேன்.

ஒரு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன். எச்2ஓ. இது எல்லாருக்கும் தெரியும். ஆனா ரெண்டு ஹைட்ரஜனும் ஆக்சிஜனுக்கு ரெண்டு பக்கமும் நேர்க்கோட்டுல நிக்கிறதில்லை. தலைகீழாப் போட்ட 'வி' மாதிரி, 104.5 டிகிரி கோணத்துல வளைஞ்சு நிக்குது. ஆக்சிஜன் எலக்ட்ரானை தன் பக்கம் இழுத்துக்கிற ஆசாமி. அதனால அந்தப் பக்கம் லேசா எதிர்மின், ஹைட்ரஜன் பக்கம் லேசா நேர்மின். நேர்க்கோட்டுல நின்னிருந்தா ரெண்டு பக்க இழுப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டு பூஜ்யமாயிருக்கும், கார்பன் டை ஆக்சைடுல அப்படித்தான் ஆகுது. வளைஞ்சு நின்னதால தண்ணி மூலக்கூறுக்கு ரெண்டு முனை வந்துடுச்சு.

இந்த மூலக்கூறோட ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறோட ஆக்சிஜனைப் பார்த்து ஒட்டிக்கும். இதுக்குப் பேருதான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒவ்வொரு மூலக்கூறும் ரெண்டு கை கொடுக்கும், ரெண்டு கை வாங்கும். ஐஸ்கட்டியில நாலும் முழுசா இருக்கும். திரவத்துல சராசரியா மூணரை சொச்சம்.

இந்த ஒட்டுதல் எவ்ளோ பெரிய சமாச்சாரம்னா, இதே குடும்பத்துல பிறந்த ஹைட்ரஜன் சல்பைடு (அழுகின முட்டை நாத்தம் வருமே, அதேதான்) தண்ணியை விட எடை கூடின மூலக்கூறு. ஆனா அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதிச்சு வாயுவாயிடும். தண்ணி 100 டிகிரி வரைக்கும் தாக்குப் பிடிக்குது. கை கோத்திருக்கிறதுதான் காரணம். இல்லேன்னா கடலும் கிடையாது, காவிரியும் கிடையாது, பதிவுலகமும் கிடையாது.

இது வரைக்கும் மெஷின் விக்கிறவரும் நானும் ஒரே கட்சி. அவரோட பிரசுரத்துலயும் இதே படம்தான் இருக்கு. அடுத்த வரியிலதான் பாதை பிரியுது. "இப்படிக் கை கோத்த தண்ணி, பெரிய கொத்து, சின்னக் கொத்துன்னு இருக்கும். எங்க மெஷின் பெரிய கொத்தை உடைச்சு சின்னக் கொத்தாக்கும், ஆறு ஆறா அறுகோணமா அடுக்கும்." அவர் சொல்லாம விட்டது ஒண்ணு இருக்கு. அந்தக் கை கோப்பு எவ்ளோ நேரம் நிலைக்கும்?

ஒரு பிக்கோ நொடி. கூடக் குறைய இருக்கலாம், ஆனா அந்த அளவுதான்.

பிக்கோ நொடின்னா ஒரு நொடியை லட்சம் கோடியா வெட்டினா வர்ற ஒரு துண்டு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் மூலக்கூறுக்குள்ள சேர்ந்திருக்கே, அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 460 கிலோஜூல் வேணும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு 20 சொச்சம் போதும். நம்ம ரூம் வெப்பத்துல மூலக்கூறுகள் ஆடுற ஆட்டத்துலயே அது படபடன்னு அறுந்து, அடுத்தவனோட சேர்ந்து, மறுபடி அறுந்துக்கிட்டே இருக்கும்.

தீபாவளிக்கு மொத நாள் சாயங்காலம் ரங்கநாதன் தெரு. எந்த நேரத்துல மேலேர்ந்து போட்டோ எடுத்தாலும் ஒவ்வொருத்தரையும் சுத்தி நாலு பேர் இடிச்சிக்கிட்டு நிப்பாங்க. கூட்டம் அப்படியேதான் இருக்கும். ஆனா உங்களை இடிச்சவர் அடுத்த நொடி உங்க பக்கத்துல இல்லை. போட்டோவுல ஆறு பேர் வட்டமா நிக்கிற மாதிரி எங்கேயாவது தெரியத்தான் செய்யும். அதைக் காட்டி, "பாருங்க, இந்த ஆறு பேரும் கை கோத்துக்கிட்டே மாம்பலத்துல ரயில் ஏறி, தாம்பரத்துல இறங்கி, வீட்டுக்குப் போய் காபி குடிச்சாங்க"ன்னு சொன்னா நம்புவீங்களா? மெஷின்ல அடுக்கின கொத்து, குழாய் வழியா வந்து, டம்ளர்ல விழுந்து, வாயில போய், வயித்துல இறங்கி, ரத்தத்துல கலந்து, செல்லு வரைக்கும் அப்படியே போகுதுங்கிறது அதே கதைதான்.

கணக்காவே பாருங்க. ஒரு பிக்கோ நொடியை ஒரு நொடின்னு வெச்சுக்கிட்டா, நெஜமான ஒரு நொடி 31,000 வருஷத்துக்கு மேல வரும். டம்ளரைத் தூக்கி வாயில வைக்க மூணு நொடின்னா, கிட்டத்தட்ட ஒரு லட்சம் வருஷம். அவ்ளோ நேரம் கை விடாம நிக்கணும், ஒரு நொடியில கை விடுற பசங்க.

இது தாத்தா காலத்துப் பாடப்புத்தகத்துல மட்டும் இருக்கிற சமாச்சாரம் இல்லை. 2005-ல டொரன்டோ பல்கலைக்கழகத்துக்காரங்களும் பெர்லின்ல மாக்ஸ் போர்ன் நிறுவனத்துக்காரங்களும் சேர்ந்து லேசர் துடிப்பு விட்டு இதையே அளந்து நேச்சர் இதழ்ல எழுதினாங்க. தண்ணி தன்னோட வலைப்பின்னல் எப்படி இருந்ததுங்கிறதை 50 ஃபெம்டோ நொடிக்குள்ள மறந்துடுதுன்னு வந்தது. ஒரு பிக்கோ நொடியில இருபதுல ஒரு பங்கு! அந்தக் கட்டுரையோட தலைப்புலயே "ஞாபக இழப்பு"ங்கிற வார்த்தை இருக்கு. நம்மாளுங்க அதே தண்ணிக்கு ஞாபகசக்தி டியூஷன் எடுக்குறாங்க.

"மைக்ரோ கிளஸ்டர் செல்லுக்குள்ள ஈஸியா நுழையும்"ங்கிறதுக்கு வருவோம். இதைக் கேட்டா எனக்கு சிரிப்பா வரும், ஏன்னா செல்லுக்குள்ள தண்ணி எப்படிப் போகுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு நோபல் பரிசே கொடுத்தாச்சு. பீட்டர் ஆக்ரே, 2003, வேதியியல். செல்லோட தோல்ல அக்வாபோரின்னு ஒரு புரதம் இருக்கு, சின்னக் குழாய் மாதிரி. அதோட இடுப்பு ஒரே ஒரு தண்ணி மூலக்கூறு நுழையற அகலம்தான். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணா, ஆனா ஒரு நொடிக்கு முந்நூறு கோடி மூலக்கூறு போகும். கொத்தாப் போறதுக்கு அங்க வழியே கிடையாது. அறுகோணமாவது, சதுரமாவது, வாசல்ல எல்லாரும் கையை விட்டுட்டு தனித்தனியாத்தான் உள்ள போகணும். பெரிய கொத்துன்னு ஒண்ணு இருந்தாக் கூட (இல்லை, இருந்தாக் கூட) செல்லுக்கு அதைப் பத்தி கவலையே இல்லை.

அடுத்து அந்த என்எம்ஆர் சர்டிபிகேட். இதுதான் படிச்சவங்களையே கவுக்கிற இடம். பிரசுரத்துல ரெண்டு வரைபடம் போட்டிருப்பாங்க. குழாய்த் தண்ணியில ஆக்சிஜன்-17 வரி 100 ஹெர்ட்சுக்கு மேல அகலமா இருக்கும். மெஷின் தண்ணியில 50 சொச்சம் ஹெர்ட்ஸ்னு குறுகலா இருக்கும். "பார்த்தீங்களா, கொத்து சின்னதாயிடுச்சு!" வரைபடம் பொய்யில்லை, அந்த மாதிரி அளக்கவும் முடியும். ஆனா அந்த அகலத்துக்கும் கொத்தோட சைஸுக்கும் சம்பந்தம் இல்லை. தண்ணி மூலக்கூறுகள் ஒண்ணுக்கொண்ணு புரோட்டானை மாத்திக்கிட்டே இருக்கும். பிஎச் 7-ஐ ஒட்டி இந்த மாத்துதல் மெதுவா நடக்கும் (மெதுவான்னா மில்லி நொடிக் கணக்குல), அதனால வரி அகலமாகும். அமிலமாகவோ காரமாகவோ ஆக்கினா மாத்துதல் வேகமாயிடும், வரி குறுகிடும். அவ்ளோதான். மெஷின் தண்ணி காரத்தண்ணி, அதனால குறுகல். ஒரு சிட்டிகை சலவை சோடா போட்டாலும் அதே குறுகல் வரும். எலுமிச்சம்பழம் பிழிஞ்சாலும் வரும். அஞ்சு ரூபாய் வேலைக்கு லட்ச ரூபாய் பில்லு.

காரத்தண்ணின்னு சொன்னதும் ஞாபகம் வருது, ஒரு சின்னக் கணக்கு போட்டுட்டுப் போயிடறேன். பிஎச் 9.5 இருக்கிற தண்ணி ஒரு டம்ளர், 200 மில்லி. அதுல இருக்கிற மொத்த ஹைட்ராக்சைடும் சேர்ந்து, பிஎச் 2 இருக்கிற வயித்து அமிலத்துல எவ்ளோவைச் சரிக்கட்டும்? முக்கால் மில்லி கூட வராது. பன்னெண்டு பதிமூணு சொட்டு. (பைகார்பனேட்டை இதுல சேர்க்கலை. அது உங்க வீட்டுக் கிணத்துத் தண்ணியிலயே இருக்கு, ஓசியில.)

"சரிய்யா, நம்பிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன? தண்ணிதானே குடிக்கிறாங்க, விஷமா?" இதையும் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி.

எங்க பெரியம்மா கோபி பக்கம். பதினஞ்சு வருஷமா சர்க்கரை. ஒழுங்கா மாத்திரை போட்டுக்கிட்டு, காலையில கோயிலுக்கு நடந்து போயிட்டு வந்துக்கிட்டு இருந்தவங்க. அவங்க வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. வித்தவர் தூரத்துச் சொந்தம், ரிடையர்டு வாத்தியார், அதுலயும் ஃபிசிக்ஸ் வாத்தியார். தண்ணியோட மூலக்கூறு படத்தை பேப்பர்ல வரைஞ்சு காட்டியிருக்கார். கொத்து சின்னதானா இன்சுலின் வேலை செய்யுமாம், ஒரு மண்டலம் குடிச்சிட்டு மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சுக்கலாமாம். பெரியம்மா கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் குறைக்கலை, ஒரேயடியா நிறுத்திட்டாங்க. எங்க யார்கிட்டயும் சொல்லலை. கால்ல செருப்பு கடிச்ச புண்ணு ஆறலைன்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்பதான் தெரிஞ்சது, சர்க்கரை நானூத்துச் சொச்சம். ஒரு விரலை எடுத்துட்டாங்க.

கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து, "ஏன் பெரியம்மா, ஒரு போன் போட்டு என்கிட்ட கேட்டிருக்கலாம்ல"ன்னேன். "டாக்டரு மூஞ்சியப் பாக்காமயே மூணு நிமிசத்துல சீட்டு எழுதிக் குடுத்துருவாரு கண்ணு. இவரு ரெண்டு மணி நேரம் உக்காந்து படம் போட்டு சொன்னாருல்ல"ன்னாங்க. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை, இப்பவும் இல்லை. இன்னொண்ணு, அது சங்கிலி வியாபாரம். பெரியம்மாவே தங்கச்சி வீட்டுக்கு ஒண்ணும், பக்கத்து வீட்டுக்கு ஒண்ணும் வித்திருக்காங்க. இப்ப தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குப் போக கூச்சப்படறாங்க.

அதனாலதான் சொல்றேன், தண்ணி விஷமில்லை. தண்ணி மேல எழுதி ஒட்டற அறிவியல் லேபிள் விஷம். அந்த வாத்தியார் மந்திரிச்ச தண்ணின்னு சொல்லியிருந்தா பெரியம்மா ஒரு வாய் குடிச்சிட்டு, கண்ணுல ஒத்திக்கிட்டு, மாத்திரையையும் போட்டிருப்பாங்க. "மூலக்கூறு"ன்னு சொன்னதாலதான் மாத்திரைக்குப் பதிலா அதைக் குடிச்சாங்க.

தண்ணி பேர்ல இந்த மாதிரி ஆட்டம் ஒண்ணும் புதுசு இல்லை. பெரிய பெரிய தலைகளே விழுந்திருக்காங்க. 1960-கள்ல ரஷ்யாவுல ஃபெத்யாகின்னு ஒருத்தர் முடி மாதிரி மெல்லிசான கண்ணாடிக் குழாய்ல தண்ணி ஆவியைக் குளிர வெச்சப்ப, பாகு மாதிரி கெட்டியா ஒரு தண்ணி கிடைச்சது. மாஸ்கோவுல டெர்யாகின் (சாதாரண ஆள் இல்லை, மேற்பரப்பு வேதியியல்ல இன்னைக்கும் அவர் பேர்ல கோட்பாடு இருக்கு) அதை எடுத்து ஆராய்ச்சி பண்ணார். 1969-ல அமெரிக்காவுல அதுக்கு பாலிவாட்டர்னு நாமகரணம் பண்ணாங்க. தண்ணி மூலக்கூறெல்லாம் சங்கிலியாக் கோத்துக்கிட்ட புது வடிவம்னு. இது ஒரு சொட்டு வெளியில வந்தா கடல் மொத்தமும் பாகாயிடும், ஜாக்கிரதைன்னு ஒருத்தர் நேச்சருக்குக் கடிதமே எழுதினார்! கடைசியில பெல் ஆய்வுக்கூடத்துல இருந்த ரூசோங்கிறவர் ஹேண்ட்பால் விளையாடிட்டு வந்து, தன்னோட டி-சர்ட்டைப் பிழிஞ்சு, அந்த வேர்வையை அகச்சிவப்பு நிறமாலையில வெச்சுப் பார்த்தார். பாலிவாட்டர் நிறமாலை மாதிரியே இருந்தது. அதிசயத் தண்ணி வேற ஒண்ணுமில்லை, அழுக்கு. 1973-ல டெர்யாகினே அது மாசு கலந்த தண்ணிதான்னு எழுதி ஒத்துக்கிட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை உண்டு. நம்ம ஊர்ல எவன் ஒத்துக்கிட்டான்?

அப்புறம் 1988. பாரிஸ் பக்கத்துல பென்வெனிஸ்த். ஒரு மருந்து மூலக்கூறு கூட மிச்சம் இல்லாத அளவுக்கு நீர்த்துப் போன தண்ணி, மருந்து மாதிரியே வேலை செய்யுதுன்னு நேச்சர்ல கட்டுரை. ஹோமியோபதிக்காரங்க இன்னைக்கும் எடுத்துப் போடறது இதைத்தான், ஆனா அடுத்த மாசம் நடந்ததைச் சொல்ல மாட்டாங்க. நேச்சர் ஆசிரியர் மேடாக்ஸ், மேஜிக் நிபுணர் ஜேம்ஸ் ராண்டி, மோசடி ஆராய்ச்சிகளைத் துருவுற ஸ்டூவர்ட்னு மூணு பேர் அந்த ஆய்வுக்கூடத்துக்கே போய் உக்காந்தாங்க. எந்தக் குப்பியில மருந்து, எந்தக் குப்பியில வெறும் தண்ணிங்கிற ரகசியக் குறிப்பை ஒரு கவர்ல போட்டு, ராண்டி அதை ஆய்வுக்கூட மச்சுல ஒட்டி வெச்சார், யாரும் எடுக்க முடியாதபடி. எது எதுன்னு தெரியாம அளந்தப்ப, ஞாபகசக்தி காணாமப் போச்சு. தெரிஞ்சு அளந்தா வருது, தெரியாம அளந்தா வரலை. ஞாபகம் தண்ணிக்கு இருந்துதா, அளந்தவங்களுக்கு இருந்துதான்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

முதல் பதிவுக்காரர் சொன்ன அந்த ஜப்பான் விஷயம், மசாரு எமோட்டோ. 1999-ல போட்டோப் புத்தகம் போட்டார். "நன்றி"ன்னு எழுதி ஒட்டின தண்ணி அழகான பனிப் படிகம் ஆகுமாம், திட்டின தண்ணி கோரமாகுமாம். ஒவ்வொரு மாதிரியிலேர்ந்தும் நிறையச் சொட்டு எடுத்து உறைய வெச்சு, அதுல எதைப் படம் பிடிக்கிறதுன்னு தேர்ந்தெடுத்தது எது என்ன தண்ணின்னு தெரிஞ்சவங்க. என் கல்யாண ஆல்பத்துலயும் அப்படித்தான் நல்ல போட்டோவாத் தேர்ந்தெடுத்திருக்கோம். எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, அதே ஜப்பான்ல உகிசிரோ நகாயான்னு ஒரு இயற்பியல்காரர் இருந்தார். ஹொக்கைடோவுல, 1936-ல, ஒரு முயல் முடி நுனியில உலகத்துலேயே முதல் செயற்கைப் பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினவர். எந்த வெப்பநிலையில, எவ்ளோ ஈரப்பதத்துல ஊசி வரும், தட்டு வரும், நட்சத்திரம் வரும்னு பட்டியலே போட்டார். தண்ணி மூலக்கூறோட அந்த 104.5 டிகிரி வளைவும் நாலு கை கோப்பும்தான் ஆறு இதழ் நட்சத்திரமா உங்க கண்ணுக்குத் தெரியுது. இதை விட என்ன கவிதை வேணும் ஒரு கவிஞருக்கு? நகாயாவைப் பத்தி தமிழ்ல எத்தனை பதிவு இருக்குன்னு தேடிப் பாருங்க.

"தண்ணியைப் பத்தி விஞ்ஞானிகளுக்கே முழுசாத் தெரியலையே"ங்கிறது அடுத்த ஆயுதம். உண்மைதான், தெரியலை. 1892-லயே ராண்ட்ஜன் (எக்ஸ்-ரே கண்டுபிடிச்ச அதே ஆள்) திரவத் தண்ணி ரெண்டு விதமான அமைப்போட கலவையா இருக்கலாம்னு சொன்னார். 4 டிகிரியில தண்ணி அடர்த்தி உச்சத்துக்குப் போறது ஏன், உறைநிலைக்கு ரொம்பக் கீழ போனா என்ன ஆகுதுன்னு இன்னைக்கும் அடிதடி நடக்குது. ஆனா அந்தச் சண்டையில ரெண்டு கட்சியும் பேசறது பிக்கோ நொடிக் கணக்கு. ஆறு மாசம் பாட்டில்ல நிக்கிற அமைப்புன்னு எந்தக் கட்சியும் சொல்லலை. பக்கத்து வீட்டுக்காரன் எந்த ஊர்னு தெரியாதுங்கிறதுக்காக, அவன் செவ்வாய் கிரகத்துலேர்ந்து வந்தவனா இருக்கலாம்னு ஆயிடாது.

காந்தம் பத்தியும் ஒரு வார்த்தை. குழாய்ல காந்தம் மாட்டினா தண்ணி மாறிடும்னு விக்கிறாங்க. எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தவங்க நம்மள்ல எத்தனையோ பேர். 1.5 டெஸ்லா காந்தம், ஃப்ரிட்ஜ் ஸ்டிக்கரை விட நூறு மடங்குக்கு மேல பலம். உடம்புல பாதிக்கு மேல தண்ணி. அரை மணி நேரம் உள்ள படுத்திருந்துட்டு வெளிய வந்தா சர்க்கரையும் போகலை, மூட்டு வலியும் போகலை, பில்லு மட்டும்தான் கையில இருக்கு. அந்தக் காந்தம் திருப்பி விடற ஹைட்ரஜன் கருக்கள் கூட சில நொடியில பழைய நிலைக்கு வந்துடும். தண்ணிக்கு இருக்கிறதுலயே நீளமான ஞாபகம் ஏதாவது உண்டுன்னா அந்த சில நொடிதான்.

நெஜமாவே அடுக்கின, அறுகோணமான தண்ணி வேணும்னு ஆசைப்பட்டா வழி இருக்கு. ஃப்ரிட்ஜைத் திறங்க, ஐஸ் ட்ரேயை எடுங்க. அதுதான் ஒரிஜினல் ஸ்ட்ரக்சர்டு வாட்டர். அடுக்கினதால இடம் அடைச்சிக்கிட்டு அடர்த்தி 0.917-க்குக் குறைஞ்சு, அதனால மிதக்குது. வாயில போட்டா உருகிடும், உருகின அடுத்த கணம் மறுபடி ரங்கநாதன் தெரு. மறதிதான் தண்ணியோட பலமே. கை விடாம அடம் பிடிச்சா அது ரத்தக்குழாய்ல ஓடாது, வேர்லேர்ந்து இலைக்கு ஏறாது, உப்பைக் கரைக்காது. லட்சம் கோடி தடவை ஒரு நொடியில கையை விட்டு விட்டுப் பிடிக்கிறதாலதான் அது தண்ணி.

மண்பானைக்காரருக்கு மட்டும் நான் பாதி ஆதரவு. பானையில குளிருது, அது நெஜம். ஆனா கட்டமைப்பு மாறி இல்லை. பானையோட நுண்துளை வழியா தண்ணி கசிஞ்சு ஆவியாகுது. ஆவியாகிற ஒவ்வொரு மூலக்கூறும் தன் மேல இருக்கிற கை எல்லாத்தையும் உதறிட்டுத்தான் போகணும், அந்த உதறலுக்கு உண்டான வெப்பத்தை மிச்சத் தண்ணிகிட்டேர்ந்து எடுத்துக்கிட்டுப் போகுது. பத்து லிட்டர் பானையில நூறு மில்லி ஆவியானா, வெளிச் சூட்டைக் கணக்குல எடுக்காம, கிட்டத்தட்ட 6 டிகிரி குறையும். கரண்டு பில் இல்லாத ஃப்ரிட்ஜ். நம்ம பாட்டிங்க அதை ஈரத்துணி சுத்தி காத்தோட்டமான இடத்துல வெச்சாங்களே, அதுல இருக்கிற அறிவு போதாதா? அது மேல "பிரபஞ்ச சக்தி"ன்னு எதுக்குங்க பெயிண்ட் அடிக்கணும்?

நம்ம மாநிலத்துல தண்ணிக்கு நெஜப் பிரச்சினை இல்லாம இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீர்ல ஃப்ளோரைடு ஜாஸ்தி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினா பல்லு கறை பிடிக்கும், இன்னும் ஏறிக்கிட்டே போய் வருஷக் கணக்குல குடிச்சா எலும்பு வளையும். அதுக்குத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013-ல தொடங்கி வெச்சாங்க. காவிரித் தண்ணியைக் கொண்டு வந்து கொடுக்கிறதுதான் அங்க தீர்வு. ஃப்ளோரைடு அயனியை அறுகோணத்துல அடுக்கினாலும் அது ஃப்ளோரைடுதான். அங்கயும் போய் இந்த மெஷினை விக்கிறாங்கன்னு கேள்விப்பட்டப்ப எனக்கு வந்த கோபத்தை இங்க எழுதினா டிஸ்கியை மாத்த வேண்டி வரும்.

அந்த மூணு பதிவர்களுக்கும் ஒரு கோரிக்கை. பதிவை எடுக்கச் சொல்லலை. மாத்திரையைக் குறைக்கலாம்னு வர்ற அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துடுங்க. மூணாவது பதிவுல கீழேர்ந்து ரெண்டாவது பத்தி. மீதியை வெச்சு பின்னூட்டத்துல கும்மலாம், நான் ரெடி.

பி.கு: வீட்டுக்கு வர்ற சேல்ஸ்மேன் ரெண்டு டம்ளர்ல கம்பி விட்டு கரண்டு கொடுத்துக் காட்டுவார். உங்க குழாய்த் தண்ணி காவி நிறமாயிடும், அவரோட தண்ணி தெளிவா இருக்கும். அந்தக் காவி உங்க தண்ணியிலேர்ந்து வரலை. உப்பு கொஞ்சம் இருக்கிறதால உங்க தண்ணியில கரண்டு பாயுது, கம்பியில இருக்கிற இரும்பு கரைஞ்சு துருவா மிதக்குது. அவரோட தண்ணியில உப்பு இல்லாததால கரண்டும் பாயலை, துருவும் வரலை. சந்தேகம்னா அவர் தண்ணியில அரை ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுட்டு மறுபடி கம்பியை விடச் சொல்லுங்க. முகம் போற போக்கைப் பாருங்க :-)